கைப்பிடி அரிசியும் இரட்சிப்பும்

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 81 வயது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்துக்குப் பின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு வந்தவர். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று மருத்துவர்களே சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சனிக்கிழமைதோறும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய், அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்குக் கொடுத்தவர் அவர். இப்போதும் காலையில், ஆலயத்துக்கென்று எடுத்து வைக்கும் அரிசியைப் பற்றி, “கைப்பிடி அரிசி எடுத்து வச்சியா?” என்று கேட்க மறப்பதில்லை. ஆனால் இரவில் விழித்துக்கொண்டு, “நான் செஞ்சதெல்லாம் போதுமா பிள்ள?” என்று கேட்டு அழுகிறார். தனிச் சபை ஒன்றுக்குப் போகும் என் அண்ணன் படுக்கையருகே நின்று, “அம்மா, உங்க கிரியையெல்லாம் அழுக்கான கந்தை, விசுவாசம் மட்டும்தான் இரட்சிக்கும்” என்கிறான். தான் இரட்சிக்கப்பட்ட தேதியை வாராவாரம் சாட்சியாகச் சொல்லும் அவன், இறந்துபோன எங்கள் தம்பியின் மனைவிக்கு அப்பா விட்டுப்போன வீட்டில் பங்கு தர மறுக்கிறான். அம்மாவின் மருந்துக்கு ஒரு ரூபாய் தந்ததில்லை. விசுவாசத்தினாலேயே இரட்சிப்பு என்று வேதத்தில் பவுல் சொல்வது சரியா, கிரியையும், அதாவது நற்செயலும், வேண்டும் என்று யாக்கோபு சொல்வது சரியா? அம்மாவுக்கு நான் என்ன சொல்ல? என் அண்ணன் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டவனா?
– தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, அம்மாவைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பவுலும் யாக்கோபும் காத்திருப்பார்கள். அம்மா எத்தனை நாள் காத்திருப்பார் என்பது நமக்குத் தெரியாது.

இன்றிரவு அவர் மறுபடியும் கேட்டால், “போதும்” என்று சொல்லாதீர்கள். “போதாது” என்றும் சொல்லாதீர்கள். “நீங்க செஞ்சது எவ்வளவோ இருக்கும்மா” என்று சொல்லத்தான் எந்த மகளுக்கும் நாவு எழும். ஆனால் அந்த ஆறுதல் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதைக் கேட்டதும், போகாமல் விட்ட ஒரு சனிக்கிழமை அவருக்கு நினைவுக்கு வரும், முகம் சுளித்துக் கஞ்சி ஊற்றிய ஒரு நாள் நினைவுக்கு வரும், வாசலில் வந்து கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பிய ஒரு பொழுது நினைவுக்கு வரும்; கணக்கேடு மறுபடி திறந்துகொள்ளும். நல்ல மனச்சாட்சி உள்ளவர்களுக்கு அந்த ஏடு ஒருநாளும் நேராகாது. ஆகவே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, நீங்க எதையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதில்லை, இயேசு உங்களை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்” என்று சொல்லி, எபேசியர் 2:8ஐ மெதுவாக வாசியுங்கள்: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.” அவர் அமைதியான பிறகு எபிரெயர் 6:10ஐ வாசியுங்கள். விசுவாசிகள் தமது நாமத்திற்காகக் காண்பித்த “அன்புள்ள பிரயாசத்தையும் மறந்துவிடுகிறதற்குத் தேவன் அநீதியுள்ளவரல்லவே” என்கிற வசனம் அது. நாற்பதாண்டுச் சனிக்கிழமைகள் தேவனுக்கு மறந்துபோகவில்லை என்பது அவர் காதில் விழ வேண்டும். ஆனால் முதல் வசனம் முதலில் வர வேண்டும், இரண்டாவது இரண்டாவதாக வர வேண்டும். வரிசை புரண்டால் அம்மா மறுபடியும் எண்ணத் தொடங்கிவிடுவார்.

இந்த வரிசையை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஊழியத்துக்கு வந்த புதிதில், மரணப்படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டணம் கட்ட முடியாத எத்தனை பிள்ளைகளுக்குத் தாம் பணம் கட்டினார் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இறையியல் கல்லூரியை விட்டு வந்து ஓராண்டுகூட ஆகாத நான், “ஐயா, கிரியைகளினால் அல்ல” என்று குறுக்கிட்டு, வசனத்தை எடுத்து விளக்கவும் தொடங்கிவிட்டேன். அவர் எதிர்த்து ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சொன்ன உபதேசத்தில் பிழை இருந்ததாக இன்றும் நினைக்கவில்லை. அவர் இரட்சிப்புக்கு விலை பேசவில்லை, விட்டுப்போகும் வாழ்க்கையிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார் என்பதைத்தான் நான் கேட்கத் தவறிவிட்டேன். உங்கள் அண்ணனைப் பற்றி எழுதும்போது அந்தச் சுவர் என் கண்முன் நிற்கிறது; ஆகவே அவர்மீது அளவுக்கு மிஞ்சிக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனாலும் அவர் எடுத்த வசனத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஏசாயா 64:6 இப்படிச் சொல்கிறது: “நாங்கள் அனைவரும் தீட்டானவர்கள்போல இருக்கிறோம், எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தையைப்போல இருக்கிறது.” எங்களுடைய என்று தீர்க்கதரிசி சொன்னதை உங்கள் அண்ணன் ‘உங்க’ என்று மாற்றிவிட்டார். பாழாய்ப்போன எருசலேமுக்காகத் தேவனை நோக்கி மன்றாடி, தன்னையும் சேர்த்துச் சொன்ன பாவ அறிக்கை அது. நின்றுகொண்டு, படுத்திருப்பவரைப் பார்த்துச் சொல்வதற்கான வசனம் அன்று. அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்துப் பாருங்கள்: “மகிழ்ச்சியாய் நீதியைச் செய்கிறவர்களையும்” தமது வழிகளில் தம்மை நினைக்கிறவர்களையும் தேவன் சந்திக்கிறார் என்று அங்கே இருக்கிறது. கந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வசனத்தைத் தாண்டித்தான் அங்கே போயிருக்க வேண்டும்.

இதைச் சொன்ன பிறகு, உங்கள் அண்ணன் சொன்னதின் சாரம் சரி என்பதையும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். அது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். “நாம் செய்த நீதியின் கிரியைகளினிமித்தம் அவர் நம்மை இரட்சியாமல், தமது இரக்கத்தின்படியே” இரட்சித்தார் என்று தீத்து 3:5 சொல்கிறது. மனிதன் தன் சொந்த பலத்தால் தேவனுக்கு ஏற்றவனாக வாழ முடியும் என்று போதித்த பெலாகியுவைத் திருச்சபை 418இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கத்தில் கண்டித்தது. 529இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் முதல் அசைவுகூடக் கிருபையினால்தான் உண்டாகிறது என்று தீர்த்தது. இவை புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. லுத்தரை எதிர்த்துக் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமும்கூட, 1547 ஜனவரி 13இல் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் கண்டனத்தை, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் தன் கிரியைகளால் மனிதன் நீதிமானாக முடியும் என்று சொல்பவருக்கு எதிராகத்தான் எழுதியது. எனவே, “அம்மாவுக்கு இன்னும் கத்தோலிக்க ரத்தம் போகவில்லை, அதனால்தான் இந்தப் பயம்” என்று உறவினர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரியையை விலையாகக் கட்டி இரட்சிப்பை வாங்கலாம் என்பது எந்தத் திருச்சபையின் உபதேசமும் அன்று. மனித இருதயத்தின் உபதேசம் அது. சி.எஸ்.ஐ. வீடுகளிலும், லுத்தரன் வீடுகளிலும், விசுவாசத்தைத் தவிர வேறெதையும் பிரசங்கிக்காத பெந்தெகொஸ்தே வீடுகளிலும் அதே கேள்வியை அதே நடு இரவில் நான் கேட்டிருக்கிறேன்.

இனி பவுலும் யாக்கோபும். ரோமர் 3:28இல் பவுல், “மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்” என்கிறார். யாக்கோபு 2:24 “மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்” என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் மோதல் வெளிப்படையாகத்தான் தெரிகிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் இருவரும் விசுவாசம் என்ற ஒரே சொல்லால் எதைக் குறிக்கிறார்கள் என்று பாருங்கள். யாக்கோபு எதிர்த்துப் பேசுகிற விசுவாசம், “தேவன் ஒருவர் உண்டென்று” ஒப்புக்கொள்ளும் விசுவாசம். அதைப் “பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன” என்று அவர் கேலியாகவே எழுதுகிறார். பவுல் பேசும் விசுவாசமோ, தன் முழுப் பாரத்தையும் கிறிஸ்துவின்மேல் இறக்கி வைப்பது. கலாத்தியருக்கு எழுதும்போது அதற்கு அவர் கொடுத்த விளக்கம் “அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்” என்பது. பிசாசுகளிடம் அது இல்லை.

கிரியை என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. தமிழில் நாம் ஈமக்கிரியை என்கிறோம்; சைவர்கள் சரியை, கிரியை என்கிறார்கள்; ஆகவே நம் காதுக்கு அந்தச் சொல் சடங்கையும் குறிக்கும், செயலையும் குறிக்கும். கலாத்தியாவில் பவுலுக்கு முன்னிருந்த வழக்கு, யூதரல்லாத புறஜாதியார் விருத்தசேதனம் என்ற யூதச் சடங்கைச் செய்துகொண்டால்தான் தேவஜனமாக முடியுமா என்பது. பவுல் அத்தோடு நிற்கவில்லை. எந்த நற்செயலையும் தேவனுக்கு முன்பாகப் பெருமையாக நீட்ட முடியாது என்றும் சொல்கிறார். ஆனால் யாக்கோபு தமது இரண்டாம் அதிகாரத்தில் ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவர் எடுக்கும் உதாரணம் உடையில்லாமல், அன்றாட உணவில்லாமல் நிற்கும் ஒரு சகோதரனோ சகோதரியோ. அவர்களிடம் “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வாயினால் மாத்திரம் சொல்லி அனுப்புகிறவனைப் பார்த்துத்தான் அவர், “பிரயோஜனமென்ன?” என்று கேட்கிறார்.

இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். அதுவும் ஒரே வசனத்தை, ஆதியாகமம் 15:6ஐ, எடுத்துக்காட்டுகிறார்கள். ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்ற வசனம் அது. மூத்த மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. இந்த நிகழ்ச்சி அதற்கும் முந்தியது. விருத்தசேதனம் நடந்ததோ 99ஆம் வயதில். அதாவது, அவர் எந்த அடையாளத்தையும் பெறுவதற்குக் குறைந்தது பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேவன் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டார். பவுலின் வாதம் இந்தக் காலக்கணக்கின்மேல் நிற்கிறது. யாக்கோபு அங்கிருந்து ஏழு அதிகாரங்கள் தள்ளி, விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் மலையேறும் இடத்தில் நம்மை நிறுத்தி, அந்தப் பழைய விசுவாசம் கிரியைகளினாலே “பூரணப்பட்டதென்று காண்கிறாயே” என்கிறார். பவுல் அந்த உறவு தொடங்கிய நாளைப் பார்க்கிறார். யாக்கோபு பல ஆண்டுகள் கழித்து அது உயிரோடிருக்கிறதா என்று பார்க்கிறார். கல்யாண நாளன்று கேட்கும் கேள்வி ஒன்று, இருபத்தைந்தாம் ஆண்டில் கேட்கும் கேள்வி வேறு.

இவ்விருவரும் நேருக்கு நேர் சந்தித்தபோது என்ன நடந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது; நம் பிரசங்கங்களில் அது ஏனோ அதிகம் வருவதில்லை. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தின்படி, எருசலேம் சபையின் தூணாக எண்ணப்பட்ட யாக்கோபு – இந்த நிருபத்தை எழுதியவராகத் திருச்சபை மரபு கொள்ளும் அதே யாக்கோபு – பேதுருவோடும் யோவானோடும் சேர்ந்து பவுலுக்கு வலதுகை கொடுத்தார். அப்போது அவர்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: “தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படிக்கு மாத்திரம் சொன்னார்கள்.” ‘மாத்திரம்’ என்ற சொல் இங்கே எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னமே தானும் அதில் கருத்துள்ளவனாயிருந்ததாகப் பவுல் பதில் சொல்கிறார்.

லுத்தர் யாக்கோபின் நிருபத்தை ‘வைக்கோல் நிருபம்’ என்றாராமே என்று உங்கள் அண்ணனோ மற்றவர்களோ கேட்கக்கூடும். 1522இல் வெளியான தமது ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அப்படி எழுதினார். பின்னாளில் வந்த முழு வேதாகமப் பதிப்புகளில் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டார். ஆனால் அதே ஆண்டில் அவர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓய்ந்திராதது, நற்கிரியை செய்ய வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே செய்து முடித்திருப்பது, நெருப்பிலிருந்து வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாததுபோல் அதிலிருந்து கிரியையைப் பிரிக்க முடியாது என்ற பொருளில் எழுதினார். யாக்கோபும் இதைத்தான் சொன்னார் என்பதை லுத்தருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லை ஜெர்மன் மொழியில் அவர் சேர்த்ததற்கு எழுந்த கூச்சலுக்கு 1530இல் அவர் தனிக் கடிதமே எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சண்டைக்கே இடமில்லாமல், ‘விசுவாசத்தினாலேயே’ என்று ஒரு பிரிநிலை ஏகாரம் நம் வேதாகமத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இந்தச் சண்டை பழையதுதான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கின் வழிவந்த லுத்தரன் மிஷனெரிகளை மறுத்து, தேம்பாவணி பாடிய கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் உரைநடை நூல்களே எழுதினார். இருதரப்பும் ஒருவரையொருவர் கடுமையாகவே பேசிக்கொண்டார்கள். ஆனால் விசுவாசத்தினாலேயே என்று பிரசங்கித்த தரங்கம்பாடிக்காரர்கள் வந்த கொஞ்ச காலத்திலேயே பள்ளிக்கூடம் திறந்ததை எண்ணிப் பாருங்கள். அவர்களைப் பயிற்றுவித்து அனுப்பிய ஜெர்மனியின் ஹாலே நகரம் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குப் பெயர்போன ஊர். பெரிய சண்டை ஒருவாறு அடங்கியது 1999 அக்டோபர் 31இல். அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதையும் பார்த்தல்ல, கிருபையினால் மாத்திரமே, கிறிஸ்துவின் இரட்சிப்பின் கிரியையில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அப்போது பெறும் பரிசுத்த ஆவியானவர் நம் இருதயத்தைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு நம்மை அழைக்கிறார் என்பது அதன் மையம். உலக மெதடிஸ்ட் மன்றம் 2006இல் அதில் சேர்ந்துகொண்டது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அம்மா பிறந்த சபையும் புகுந்த சபையும் அவருடைய படுக்கையின் இருபுறமும் நின்று ஒரே குரலில் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்று இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். (நம் மொழிபெயர்ப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. தேவன் நம்மை நீதிமான் என்று தீர்ப்புச் சொல்கிறார் என வலியுறுத்திய புராட்டஸ்டண்டு மரபின் பழைய தமிழ் வேதாகமம் ‘நீதிமானாக்கப்படுகிறான்’ என்கிறது. நீதிமானாக ஆக்குகிறார் என வலியுறுத்திய கத்தோலிக்கர்கள் இன்று வாசிக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்போ ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்கிறது. இருவரும் அறியாமலே சொற்களை மாற்றிக்கொண்டார்கள்.)

இதையெல்லாம் உங்கள் அடுப்படியிலேயே பார்க்கலாம் என்று உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது எனக்குத் தோன்றியது. உலைக்கு அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, ஆலயத்துக்குக் கொண்டுபோவது நம் பெண்களின் வழக்கம். அந்தப் பிடி அரிசியைக் கொடுத்து அன்றைய சாப்பாட்டை வாங்குவதாக எந்தத் தாயும் நினைப்பதில்லை. அரிசி முதலில் வீட்டுக்கு வந்துவிட்டது, அளந்தும் ஆகிவிட்டது. பிடி அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதே சமயம், படி நிறைய அரிசி இருந்தும் ஒருநாளும் ஒரு பிடி எடுக்க மனம் வராத வீட்டில், அது ஈவாக வந்தது என்பதை யாரும் உணரவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பத்தாம் வசனத்துக்கு வருமுன் நிறுத்திவிடுகிறார்கள்: “நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்.” கிரியைகளினால் அல்ல, கிரியைகளுக்காக. தமிழில் ஒரு வேற்றுமை உருபின் தூரம்தான்.

இயேசுவோடு சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் இரட்சிப்புப் பெற்ற கள்ளன் எந்த நற்கிரியை செய்தான் என்று அண்ணன் கேட்பார். அம்மாவுக்கு அவனைக் காட்டலாம். அவரைப்போலவே அவனாலும் அசைய முடியவில்லை. வங்கிக் கணக்கும் வீட்டுப் பத்திரமும் கையிலிருக்க, கால்கள் நன்றாக நடக்கும் மனிதர் அவனை உதாரணம் காட்டுவது பொருந்தாது. அண்ணனுக்குப் பொருந்துகிறவன், வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு. அங்கேயும் வரிசையைக் கவனியுங்கள்: இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வந்தார், அதன் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்றான். கொடுத்து அவரை வரவழைக்கவில்லை. அவர் வந்ததனால் கொடுக்காமல் இருக்க அவனால் முடியவில்லை. அதைக் கேட்ட பின்புதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார்.

உங்கள் அண்ணன் இரட்சிக்கப்பட்டவரா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை; அந்தப் பதில் வைத்திருக்கும் இடத்தின் சாவியை ஆண்டவர் போதகர்களிடம் கொடுக்கவில்லை. தேதி இருப்பதைக் குறைசொல்லவும் மாட்டேன்; மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் 1738 மே 24 என்று ஒரு தேதி இருந்தது, அதுவும் லுத்தரின் அந்த ரோமர் முன்னுரை வாசிக்கப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருந்த மாலைப்பொழுது. ஆனால் பவுல் இரட்சிப்பை மூன்று காலங்களிலும் எழுதுகிறார்: எபேசியருக்கு ‘இரட்சிக்கப்பட்டீர்கள்’, கொரிந்தியருக்கு ‘இரட்சிக்கப்படுகிற நமக்கோ’, ரோமருக்கு ‘இரட்சிக்கப்படுவது’ என்று. உங்கள் அண்ணனின் சாட்சியில் இறந்தகாலம் மாத்திரம் இருக்கிறது என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. யாக்கோபை அவர் ஒதுக்கிவிடுவார் என்பதால், அவருக்குப் பிரியமான பவுலின் நிருபத்திலிருந்தே ஒரு வசனத்தைக் காட்டுங்கள், 1 தீமோத்தேயு 5:8 அது: “ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்.” விதவைகளைப் பற்றியும் வயதான தாயைப் பற்றியும் பேசும் அதிகாரத்தின் நடுவில் இது நிற்கிறது. புத்தகத்தைத் திறந்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். அம்மா படுத்திருக்கும் அறையில் வைத்து அதைச் செய்யவும் வேண்டாம். தம்பியின் மனைவிக்குரிய பங்கைப் பொறுத்தவரை, அது அண்ணன் மனமிரங்கிப் போடும் தர்மம் அன்று; 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தம்பியின் மனைவிக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் என்ன தருகிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையாக உள்ளதைக் கொடுப்பதை நற்கிரியை என்ற பெயரில் அழைத்து அண்ணனைக் கௌரவப்படுத்தவும் வேண்டியதில்லை.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. இரவும் பகலும் அம்மாவைத் தூக்கிப் பிடிக்கிற கை உங்களுடையது. அந்தக் களைப்பில், அண்ணனுடைய இரட்சிப்பைத் தராசில் வைக்கும்போது மறுதட்டில் உங்களை ஏற்றி வைப்பது மிக எளிது. லூக்கா 18இல் ஆலயத்துக்குப் போன இரண்டு பேரில் பரிசேயன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தூரத்தில் நின்ற ஆயக்காரனை, வரி வசூலிக்கும் அந்த மனிதனை, தனக்குக் கீழாக வைத்துக் கணக்கில் சேர்த்ததுதான் அவன் ஜெபத்தைக் கெடுத்தது.

கடைசியாக அம்மாவிடமே திரும்பி வருகிறேன். கிரியைகளைப் பற்றிக் கண்டிப்பாக எழுதிய அதே யாக்கோபு, நிருபத்தை முடிக்கும்போது ஒரு கிரியையும் செய்ய முடியாமல் படுத்திருப்பவரிடம் வருகிறார்: வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி அவனுக்காக ஜெபிக்கட்டும் என்கிறார். நோயாளி செய்ய வேண்டியது வரவழைப்பது மாத்திரமே. மற்றதெல்லாம் அவருக்குச் செய்யப்படுகிறது. உங்கள் ஆயரிடம் சொல்லி, எண்ணெய் பூசி ஜெபிக்கவும் வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கவும் இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். சிறுவயதில் கற்ற பழைய செபங்கள் அம்மாவின் வாயில் வந்தால் யாரும் தடுக்க வேண்டாம். அண்ணன் வந்தால் அவரையும் கூடவே முழங்காற்படியிடச் சொல்லுங்கள். அன்று யாரும் யாருக்கும் வசனம் சொல்ல வேண்டாம்.

நாளைக் காலை அம்மா கைப்பிடி அரிசியைப் பற்றிக் கேட்டால், எடுத்து வைத்துவிட்டேன் என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். அளந்த அரிசியையும் டப்பாவையும் அவர் படுத்திருக்கும் இடத்துக்கே கொண்டுபோய், அவர் கையாலேயே எடுத்துப் போடச் சொல்லுங்கள். விரல்கள் முழுவதும் மடங்காது. நீங்கள் சேர்த்து அள்ளிப் போட்டுப் பிடியை நிறைக்க வேண்டாம். கையில் வந்த அளவு போதும்.